கிணற்று நீரும் உயிர் உணரிகளும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரங்களில் கிணற்றுப் பாசனம் செய்யும் உழவர்கள், நீரைக் கண்ணால் பார்த்தும் நாவில் வைத்தும் அதன் தரத்தை அறிந்து வந்துள்ளனர். துவரைப் பருப்பு வேகாவிட்டாலும், சோப்பு நுரைக்காவிட்டாலும், வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை பூத்தாலும் நீர் கெட்டது என்று தீர்மானித்து விடுவர். இவை நல்ல அடையாளங்களே. ஆனால் தோல் பதனிடும் தொழில் பெருகிய பின்னர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் சேர்ந்துள்ள பொருட்கள் எல்லாம் நாவுக்குத் தட்டுப்படுபவை அல்ல. குரோமேட் கலந்த நீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் நேரத்தில், குடிநீருக்கான வரம்பைப் பன்மடங்கு தாண்டியிருக்கும்.

அண்மைக் காலத்தில் 'பயோசென்சார்' என்னும் கருவிகளைப் பற்றி செய்தித் தாள்களிலும் கண்காட்சிகளிலும் அதிகம் பேசப்படுகிறது. ஒரு சொட்டு நீரை விட்டால் போதும், நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று நொடியில் சொல்லிவிடும் என்று கூறுகிறார்கள். தமிழில் இவற்றை உயிர் உணரிகள் எனலாம். இவை எவ்வாறு வேலை செய்கின்றன, தோல் தொழில் பகுதியின் நீருக்கு எந்த அளவு பயன்படும், எங்கே ஏமாற்றும் என்பதைத் தெரிந்து கொண்டால், பணத்தை எதில் செலவிடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நீரில் சேர்வது என்ன?

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதம் வரை உப்பு தடவி வைக்கிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி நீக்குவதே. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் ஊறவைத்து மயிரை நீக்குகிறார்கள். பிறகு உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசலில் ஊறவைத்து, குரோமியம் சல்பேட்டில் பதனிடுகிறார்கள். வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் 60 முதல் 70 சதம்தான் தோலில் ஏறுகிறது. மீதி கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு பதனிடும் பழைய முறையில் குரோமியம் இல்லை. ஆனால் பழுப்பு நிறமுள்ள துவர்ப்புப் பொருட்கள் நிறைய வெளியேறும்.

ஆகவே கழிவுநீரில் மூன்று வகைப் பொருட்கள் உள்ளன. மயிர், கொழுப்பு, புரதம், துவர்ப்புப் பொருள் முதலிய அழுகக்கூடியவை ஒரு வகை. குரோமியம் மற்றொன்று. மூன்றாவது உப்பு, அதாவது சோடியம், குளோரைடு, சல்பேட். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இதுவே முக்கியம்.

கேடு எவ்வளவு பெரியது என்பது பலருக்கும் தெரிந்ததே. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகி விட்டது என்ற தகவல் எடுத்துக் காட்டப்பட்டது. இதைக் கண்டறிந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய கணக்கெடுப்பு என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு மண் மாதிரி, ஒரு நீர் மாதிரி என்று பொறுமையாகச் சேர்த்த அளவீடுகள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று பேசின. அந்தத் தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் உழவர் குடும்பங்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விஷயத்தைக் கையிலெடுத்து, எஞ்சிய இழப்பீட்டை வழங்கவும், பாலாற்றைச் சீர்படுத்துவதைக் கவனிக்க ஒரு குழுவை அமைக்கவும் ஆணையிட்டது. அளவீடு என்பது உழவருக்கு வெறும் அறிவியல் அன்று.

உயிர் உணரி வேலை செய்யும் விதம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரை நோய் பார்க்கும் சிறு கருவி இருக்கக்கூடும். அதுவே உலகில் மிக அதிகமாக விற்கும் உயிர் உணரி. அதன் பட்டையின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டுள்ளது. நொதி என்பது உயிருள்ளவை உண்டாக்கும் ஒருவகைப் புரதம்; பால் தயிராவதும் மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களின் நொதிகளால்தான். இந்தப் பட்டைகள் பலவற்றில் உள்ள நொதி, 'ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்' என்னும் கரும்பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவது. ஆம், நிலக்கடலையில் கழுத்தழுகல் நோயை உண்டாக்கும் அதே பூஞ்சைதான். வயலில் பகையாக இருப்பது ஆய்வகத்தில் வேலைக்காரனாக இருக்கிறது.

இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருந்தும் இந்த நொதி குளுக்கோசை மட்டும் பிடித்துக் கொள்கிறது. பூட்டுக்குள் அதற்குரிய சாவி மட்டுமே நுழைவது போல, நொதியின் மேற்பரப்பில் உள்ள ஒரு பள்ளத்தில் குளுக்கோசின் மூலக்கூறு மட்டுமே சரியாகப் பொருந்துகிறது. ஜெர்மானிய வேதியியலார் எமில் ஃபிஷர் 1894இலேயே இந்தப் பூட்டு-சாவி உவமையைக் கூறினார். பொருந்தியதும் ஒரு வேதிவினை நடந்து, அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. கருவி அந்த மின்னோட்டத்தை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இனங்காணும் உயிர்ப்பொருள் ஒன்று, அதன் சேதியை மின்சாரமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ மாற்றும் பகுதி ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே உயிர் உணரி. அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவர், நீரிலும் இரத்தத்திலும் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை முதலில் உருவாக்கி, 1962இல் அதன்மேல் நொதியை வைத்து இவ்வகைக் கருவிக்கு வழிகாட்டினார்.

இனங்காணும் பகுதியில் நொதிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கருத்தரிப்பைக் காட்டும் அட்டையில் இருப்பது எதிர்ப்பொருள் என்னும் மற்றொரு வகைப் புரதம். பாலில் ஆன்டிபயாட்டிக் மருந்து கலந்துள்ளதா என்று பால் பண்ணைகளில் பார்க்கும் பட்டைகளில் பலவும் இவ்வகையே. 1990க்குப் பின் மரபணுப் பொருளின் சிறு துண்டுகளையே சாவிக்கேற்ற பூட்டாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. உயிர்ப்பொருளே இல்லாமல், பிளாஸ்டிக் போன்ற பொருளில் மூலக்கூறின் வடிவை அச்சாகப் பதித்துச் செய்யும் பூட்டுகளும் உண்டு. களிமண்ணில் காசை அழுத்தி எடுத்தால் காசின் வடிவில் பள்ளம் நிற்பது போல. இவை வெப்பத்தைத் தாங்கும் என்பது நமக்குச் சாதகம். முழு பாக்டீரியாவையே உயிரோடு கருவியில் வைப்பதும் உண்டு.

மூன்று நாள் காத்திருக்கும் சோதனை

அழுகும் பொருட்களின் அளவை பி.ஓ.டி. என்று குறிப்பார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதே இது. நம் நாட்டு முறைப்படி மாதிரி நீரை 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மூன்று நாள் வைத்திருந்து அளக்க வேண்டும். ஆற்றிலும் ஓடையிலும் விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

இச்சோதனை சரியானதே, ஆனால் மெதுவானது. மழை பெய்யும் இரவுகளில் கழிவுநீர் ஓடையில் திறந்து விடப்படுவதாக இப்பகுதி உழவர்கள் பலகாலமாகக் கூறி வருகின்றனர். நள்ளிரவில் ஓடிய நீர் விடியலில் இருப்பதில்லை. மாதிரி எடுத்திருந்தாலும் முடிவு வருவதற்குள் நாட்கள் கடந்து விடும். உயிர் உணரி உண்மையில் உதவக்கூடிய இடம் இதுவே.

ஜப்பானில் இசாவோ கருபே என்ற அறிவியலாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1977இல் இதற்கு ஒரு வழி கண்டனர். மெல்லிய சவ்வில் நுண்ணுயிர்களைப் பிடித்து வைத்து, அதை ஆக்சிஜன் மின்முனையின் மேல் பொருத்தினர். அழுக்கு நீர் பட்டதும் நுண்ணுயிர்கள் வேகமாக மூச்சு விடுகின்றன; ஆக்சிஜன் குறைகிறது; குறைந்த அளவை வைத்து அழுக்கைக் கணக்கிடலாம். நாட்கணக்கில் ஆகும் வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. 1990இல் ஜப்பான் அரசு இம்முறைக்குத் தரக்குறியீடே வகுத்தது. நம் நாட்டிலும் தில்லியிலுள்ள அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகம் ஒன்று, தொழிற்சாலைக் கழிவுநீருக்கென நுண்ணுயிர்கள் பலவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்த சவ்வு ஒன்றை உருவாக்கி 2003இல் வெளியிட்டது. ஒரே வகை நுண்ணுயிர் எல்லா அழுக்கையும் தின்னாது என்பதால் பலவற்றைச் சேர்த்தது அறிவுடைய செயல்.

தோல் கழிவுநீரில் இக்கருவிக்குத் தொல்லைகள் மூன்று. துவர்ப்புப் பொருட்களும் கொழுப்பும் எளிதில் செரிப்பவை அல்ல. சில நிமிடங்களில் நுண்ணுயிர்கள் அவற்றைத் தொட்டிருக்காது. குரோமியமும் மிகுந்த உப்பும் நுண்ணுயிர்களை மயக்கவோ கொல்லவோ செய்யும். செத்த நுண்ணுயிர் மூச்சு விடாது. மூச்சு விடாவிட்டால் கருவி 'அழுக்கு இல்லை' என்று காட்டும். அதாவது நீர் மிகவும் நஞ்சாக இருக்கும்போது மிகவும் நல்ல நீர் என்று சான்று தரும்! மாறாக, சோடியம் சல்பைடு நுண்ணுயிர் துணையின்றித் தானே ஆக்சிஜனை இழுத்துக் கொள்வதால், அது இருக்கும் நீரில் அளவு கூடுதலாகத் தெரியும். எனவே தெரிந்த அளவு சர்க்கரை கலந்த நல்ல நீரைக் கொடுத்து, நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று இடையிடையே சோதித்துக் கொண்டே இருக்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஏற்ற கருவி. தனி உழவர் வாங்கி வைப்பதற்கு ஏற்றதன்று.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல், தோல் தொழில் உட்பட மிகுந்த மாசு தரும் 17 வகைத் தொழில்களில் கழிவுநீரை இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டுமென ஆணையிட்டது. அவை இருப்பது தொழிற்சாலை விடுவாயில். உங்கள் ஓடையிலோ கிணற்றிலோ அல்ல.

குரோமியத்தைக் கண்டுகொள்வது

குரோமியத்தில் இரு வகைகளை உழவர்கள் பிரித்தறிய வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. இது மண்ணில் படிந்து அங்கேயே தங்கிவிடும். எளிதில் நிலத்தடி நீருக்கு இறங்காது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட் வகையோ நீரில் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் வளாகத்தில் குவிந்த கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கசிந்தது இந்த இரண்டாவது வகையே. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் முதல் வகையில் ஒரு சிறு பகுதியை இரண்டாவது வகையாக மாற்றவும் கூடும். ஆகவே 'டேனரியில் இருப்பது தீங்கில்லாத குரோமியம்தான்' என்று சொல்வதை அப்படியே ஏற்க இயலாது. பாசன நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பரிந்துரை. குடிநீரில் 0.05 மில்லிகிராமே வரம்பு.

குரோமியத்துக்கு உயிர் உணரி செய்வதில் இரு வழிகள் முக்கியமானவை. ஒன்று, யூரியேஸ் போன்ற ஒரு நொதியை வைத்து, அதன் வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்ப்பது. நீங்கள் வயலில் இடும் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும் நொதியே யூரியேஸ். உலோக நஞ்சு பட்டால் இது சோர்ந்து போகும். ஆனால் குரோமியத்தால் சோர்ந்ததா, தாமிரத்தால் சோர்ந்ததா, பாதரசத்தால் சோர்ந்ததா என்று இது சொல்லாது. தோப்பில் நாய் குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும்; வந்தவர் பெயர் தெரியாது.

இரண்டாவது வழி நுட்பமானது. பெல்ஜியம் நாட்டில் துத்தநாகத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் 1976இல் ஒரு பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டது. உலோக நஞ்சுகள் நடுவே வாழப் பழகிய இது, குரோமேட் உள்ளே வந்ததும் அதை வெளியேற்றும் மரபணுக்களை இயக்குகிறது. ஜெர்மனியில் 1998இல் இந்த மரபணுவின் விசையை, ஒளி உமிழும் மரபணுக்களோடு இணைத்து விட்டார்கள். மின்மினி போல ஒளிரும் இந்தப் பாக்டீரியா குரோமேட் வந்தால் விளக்கேற்றும். இதே வகையில் ஆர்சனிக் நஞ்சைக் காட்டும் பாக்டீரியாக்களை வியட்நாமில் கிணற்று நீரில் சோதித்து 2005இல் நல்ல பயன் கண்டுள்ளனர்.

அப்படியானால் ஆம்பூரிலும் இதைப் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் சிக்கல். குரோமேட் பாக்டீரியாவின் உள்ளே நுழைவது தனக்கென்று உள்ள வழியில் அல்ல. சல்பேட் நுழையும் வாயில் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைகிறது. சல்பேட்டிலும் குரோமேட்டிலும் நடுவே ஓர் அணுவும் அதைச் சூழ நான்கு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. வடிவும் மின்னூட்டமும் ஏறத்தாழ ஒன்றே. பூட்டுக்குச் சாவியின் வேற்றுமை தெரிவதில்லை. நீரில் சல்பேட் குறைவாக இருந்தால் குரோமேட் தாராளமாக நுழைந்து விளக்கை ஏற்றும். சல்பேட் மிகுந்தால் வாயிலில் நெரிசல் ஏற்பட்டு, அதே அளவு குரோமேட் இருந்தும் விளக்கு மங்கும். தோல் பதனிடுவதில் கந்தக அமிலமும் குரோமியம் சல்பேட்டும் சேர்வதை மேலே கண்டோம். ஆகவே குரோமேட்டைத் தேடும் கருவியை மங்கச் செய்யும் பொருள், அது தேடப்பட வேண்டிய அதே நீரில் நிறைந்திருக்கிறது. ஆய்வகத்தில் தூய நீரில் குரோமேட்டைக் கலந்து பெற்ற எண்ணை இப்பகுதிக் கிணற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அந்தந்தக் கிணற்று நீரிலேயே தெரிந்த அளவு குரோமேட்டைச் சேர்த்து, கருவி எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். மேலும், மரபணு மாற்றிய பாக்டீரியாவை வெளியிடத்தில் பயன்படுத்த நடுவண் அரசின் அனுமதியும் தேவை.

இது நொதிக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள பொதுவான குறையோடு சேர்கிறது. சர்க்கரைப் பட்டைகளின் டப்பாவை மூடி வைக்கவும், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் படாமல் காக்கவும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்தரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில், பம்ப்செட் அறையில் வைத்த பட்டை சில வாரங்களிலேயே நம்பத் தகாததாகிவிடும். கெட்ட பட்டையும் ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அச்சுப் பதித்த பிளாஸ்டிக் பூட்டுகளில் ஆராய்ச்சியாளர் ஆர்வம் காட்டுவதன் காரணம் இதுவே.

அதுவரை குரோமேட்டுக்கு நம்பகமானது பழைய வேதியியல் முறையே. டைபினைல் கார்பசைடு என்னும் மருந்தை அமிலம் சேர்த்த நீரில் இட்டால், குரோமேட் இருப்பின் செவ்வூதா நிறம் தோன்றும். ஆய்வகங்களில் இதைத்தான் செய்கிறார்கள்.

உப்புக்குப் பூட்டுச் சாவி தேவையில்லை

பயிரை உடனடியாக வாட்டுவது எது என்று கேட்டால், பெரும்பாலான கிணறுகளில் விடை உப்புதான். நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு, அழுகும் பொருட்களை நீக்குமே தவிர உப்பைத் தொடுவதில்லை. பி.ஓ.டி. வரம்புக்குள் வந்த நீரும் நிலத்தை உவராக்க வல்லது.

இதற்கு உயிர் உணரி வேண்டியதே இல்லை. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயும். எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும். மின்கடத்தும் திறனை அளக்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. இதை டெசிசைமன்ஸ் என்ற அலகில் குறிப்பார்கள். பழைய மண் பரிசோதனைச் சீட்டுகளில் 'மில்லிமோ' என்று இருக்கும். இரண்டும் ஒரே எண்தான்.

உணவு வேளாண்மை நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீரின் மின்கடத்தும் திறன் 2.1 டெசிசைமன்ஸ் வரை நிலக்கடலையில் மகசூல் குறைவதில்லை. 3.3 ஆனால் பாதி போய்விடும். இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்! நெல்லுக்கு 2.0 வரை குறையில்லை, பாதியாவது 4.8இல். கரும்பு 1.1இலிருந்தே குறையத் தொடங்கினாலும் மெதுவாகத்தான் குறையும், பாதியாவது 6.8இல். பருத்தி 5.1 வரை தாங்கும். ஆகவே 3 டெசிசைமன்ஸ் நீரை வைத்துக் கொண்டு நிலக்கடலை போடுபவர் விதைக்கும் உரத்துக்கும் இட்ட பணத்தை இழப்பார். அதே நீரில் பருத்தி நன்கு வரும். சோடியம் மிகுந்து நிலம் களராகிவிட்ட இடங்களில் ஜிப்சம் இட்டு, நல்ல நீரால் வடித்து, திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல் இரகங்களைப் பயிரிடலாம். ஜிப்சத்தின் அளவை மண் பரிசோதனை செய்தே முடிவு செய்ய வேண்டும்.

பேனாக் கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல கருவிகள் மின்கடத்தும் திறனை அளந்து, அதை ஒரு பெருக்கத்தால் மாற்றி 'டி.டி.எஸ்.' என்று பி.பி.எம்.மில் காட்டுகின்றன. சில கருவிகள் ஒரு டெசிசைமனுக்கு 500 என்றும், சில 700 என்றும் கணக்கிடுவதால் ஒரே கிணற்று நீர் இரு கருவிகளில் இரு எண்களைக் காட்டும். இதை வைத்துப் பக்கத்து வயல்காரரோடு வாதிட வேண்டாம். மின்கடத்தும் திறனையே நேராகக் காட்டும் கருவியை வாங்கவும். 1.413 டெசிசைமன்ஸ் என்று குறித்த திட்டக் கரைசலைக் கொண்டு மாதம் ஒருமுறை கருவியைச் சரிபார்க்கவும். மழை நீரில் வைத்தால் எண் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

இந்தப் பேனாவை வைத்துக் கொண்டு, குரோமியம் இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான குரோமேட் மின்கடத்தும் திறனில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கருவியும் தனக்குக் கேட்கப்பட்ட கேள்விக்கே விடை தரும். எல்லா நஞ்சையும் ஒரே பட்டையில் காட்டும் கருவி என்று யாராவது விற்க வந்தால், எந்தப் பொருளை, எந்த அளவு வரை, எந்த நீரில் சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முளைப்புச் சோதனை

உயிருள்ள பொருளைக் கொண்டு நீரைச் சோதிக்க ஆய்வகம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரே குவியலிலிருந்து நல்ல பாசிப்பயறு விதைகள் ஐம்பதை எடுங்கள். இரண்டு தட்டுகளில் சுத்தமான துணியை விரித்து 25 விதைகள் வீதம் பரப்பவும். ஒன்றைக் கிணற்று நீராலும், மற்றொன்றை மழை நீராலும் அல்லது சுத்திகரித்த கேன் தண்ணீராலும் நனைக்கவும். இரண்டையும் ஒரே நிழலில் வைத்து, துணி காயாமல் பார்த்துக் கொள்ளவும். நான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணுவதோடு நிற்காமல், வேரின் நீளத்தையும் அளவுகோலால் அளந்து சராசரி காணுங்கள். முளைப்பு சமமாக இருந்து வேர் மட்டும் குட்டையாக இருப்பதுண்டு. கேட்டை முதலில் காட்டுவது வேர்தான்.

வேர் குட்டையாகி, மின்கடத்தும் திறனும் அதிகமாக இருந்தால் உப்பே காரணம் என்று கருதலாம். மின்கடத்தும் திறன் 1க்கும் குறைவாக இருந்தும் வேர் குட்டையானால் வேறு ஏதோ இருக்கிறது. அந்த நீரைக் குரோமியத்துக்குக் கட்டாயம் சோதிக்க வேண்டும். முடிவு வரும் வரை வீட்டார் குடிக்கவும், கறவை மாடுகளுக்குக் காட்டவும் கூடாது. விதைச் சோதனை, தோப்பு நாயைப் போலத்தான். ஆனால் செலவில்லாத நாய்.

குறிப்பேடும் சட்டமும்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, கழிவுநீர் மாதிரியை வாரியத்தின் அதிகாரியே முறைப்படி எடுத்து, அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு அனுப்பினால்தான் அதன் பகுப்பாய்வு சட்ட நடவடிக்கையில் சான்றாக ஏற்கப்படும். எனவே உங்கள் பேனாவோ, நாளை வரப்போகும் உயிர் உணரியோ காட்டும் எண் அதற்கு ஈடாகாது. அதனால் அளப்பது வீண் என்று எண்ண வேண்டாம். அதிகாரி எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில் வர வேண்டும் என்று சொல்ல உங்களால்தான் முடியும். ஓடையில் நாள்தோறும் 1.5 காட்டும் பேனா, குறிப்பிட்ட கிழமைகளில் இரவு பத்து மணிக்குமேல் 6 காட்டுகிறது என்று தேதி வாரியாக எழுதி வைத்திருந்தால், அந்தப் புகாரைக் கவனிக்காமல் இருப்பது கடினம். ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கருவியால், ஒரே இடத்தில் அளந்து, கைபேசியில் நேரத்தோடு படமெடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்: நீர் மட்டம் இறங்கியிருக்கும் மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒருமுறை. மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரால் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடவும். மருந்துப் புட்டிகளைப் பயன்படுத்தக் கூடாது. பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், நாள், நேரம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டவும். குரோமேட்டுக்கான மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கு அமிலம் சேர்த்த தனிப் புட்டியை ஆய்வகத்திலேயே கேட்டுப் பெறவும். பாசனத்துக்கான சோதனை, ஜிப்சம் பரிந்துரை ஆகியவற்றுக்கு விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை நேரில் அணுகலாம்.